முழு வெளிச்சத்தில் இரண்டு நிமிடம்

செப்டம்பர் 9, திங்கள்

காலையில் ஏ.சி. ஓடவில்லை. கரியை லேசரால் ஆராயும் ராமன் மெஷின் இருக்கும் அறை இருபத்திரண்டு டிகிரியில் இருக்க வேண்டும். நான் எந்த டிகிரியில் இருந்தாலும் இந்த ஆய்வு மையத்தில் யாருக்கும் கவலையில்லை. எலக்ட்ரீஷியன் பதினொரு மணிக்கு வந்து, ஒரு ஒயரை ஆட்டிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார். இப்போது ஓடுகிறது.

மெஷினுக்கு ஒரு லாக் புத்தகம் உண்டு. தேதி, சாம்பிள் எண், லேசர் அளவு, எடுத்தவர் பெயர். பதினான்கு வருஷமாக என் கையெழுத்தில்தான் நிரம்புகிறது. மெஷினுக்கே ஒரு புத்தகம் இருக்கும்போது எனக்கும் ஒன்று இருக்கட்டுமே என்றுதான் இந்த டைரி.

ஜெனிட்டா மதியம் சாப்பிடவில்லை. தூத்துக்குடிப் பெண். அப்பா துறைமுகத்தில் நிலக்கரிக் கப்பலுக்கு கிரேன் ஓட்டுகிறவர். இங்கே கனகசபை சாரிடம் ஆறாவது வருஷமாக ஆராய்ச்சி செய்கிறாள். டிசம்பர் 13-க்குள் ஆய்வுக் குழு ஒப்புக்கொள்ளாவிட்டால் அவள் பதிவு ரத்தாகிவிடும். இனி நீட்டிப்பு கிடையாது என்று கடிதம் வந்திருக்கிறது. என் டப்பாவிலிருந்து இரண்டு இட்லி எடுத்து வைத்தேன். சாப்பிட்டாள்.

செப்டம்பர் 12, வியாழன்

புனேயிலிருந்து பார்வையாளர்கள் நான்கு பேர். சார் அவர்களை மெஷினிடம் அழைத்து வந்து வழக்கமான பிரசங்கத்தை நடத்தினார். நிலக்கரித் துணுக்கின் மேல் பச்சை லேசர் விழுந்தால், திரும்பி வரும் ஒளியில் துளியினும் துளி மட்டும் நிறம் மாறி வரும். அதைக் கோடாக வரைந்தால் கரிக்குள்ளே கார்பன் எப்படி அமைந்திருக்கிறது என்று தெரியும். இரண்டு மேடு எழும்பும். ஒன்று ஒழுங்காக அடுக்கியிருப்பதற்கு, இன்னொன்று உடைந்து கிடப்பதற்கு. வயதான கரியில் மேடுகள் தெளிவாக இருக்கும். இளம் பழுப்பு நிலக்கரியில் இருக்காது என்று உலகம் நினைத்துக்கொண்டிருந்தது, இருக்கிறது என்று சார் ஏழு வருஷத்துக்கு முன்னால் காட்டினார். அதில் வந்த சால்வைகளை வைக்கவே ஒரு பீரோ இருக்கிறது.

பழுப்பு நிலக்கரியில் இவ்வளவு சுத்தமான மேடு எப்படி எடுக்கிறீர்கள் என்று அவர்களில் ஒருவர் கேட்டார். சார் என்னைக் காட்டி, "அது உமையாளோட கைப்பக்குவம்" என்றார். நால்வரும் என்னைப் பார்த்தார்கள். நல்ல புடவை கட்டி வந்திருக்கலாம் என்று தோன்றியது.

கைப்பக்குவம் என்ன பெரிய கைப்பக்குவம். இளங்கரி லேசர் பட்டால் தானாக ஒளிரும். அந்த ஒளிர்வில் மேடு மூழ்கிப் போய்விடும். லேசருக்கு முன்னால் இருக்கும் ஃபில்டர் ஒளியை நூற்றில் ஒரு பங்காகக் குறைக்கும். நான் ரீடிங் எடுப்பதற்கு முன் ஃபில்டரை விலக்கி, முழு வெளிச்சத்தை அந்த இடத்தில் இரண்டு நிமிடம் நிறுத்துவேன். ஒளிர்வு அடங்கிவிடும். பிறகு ஃபில்டரைப் போட்டு ரீடிங். யாரும் சொல்லித்தரவில்லை, நானே கண்டுபிடித்தது. லாக் புத்தகத்தில் ரீடிங் எடுத்த அளவைத்தானே எழுத வேண்டும்? எழுதுகிறேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

ஜெனிட்டா ஒரு சாம்பிளுக்கு ஆறு மணி நேரம் உட்காருகிறாள். ஃபில்டரைத் தொடுவதே இல்லை. கடைசியில் வருவது ஒரு சரிவும், அதன் மேல் இரண்டு சின்ன வீக்கமும். சார் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு, உனக்குக் கை சரியில்லை, உமையாளைப் பார்த்துக் கற்றுக்கொள் என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 30, திங்கள்

இதைப் பதற்றமில்லாமல் எழுத வேண்டும்.

சனிக்கிழமை ஜெனிட்டா ஃபில்டரைப் போட மறந்து சாப்பிடப் போயிருக்கிறாள். திரும்பி வந்து ரீடிங் எடுத்தால் சாருடைய கோடு அச்சு அசலாக வந்திருக்கிறது. பயந்துபோய் மைக்ராஸ்கோப்பில் பார்த்திருக்கிறாள். லேசர் விழுந்த இடத்தில் ஒரு குழி.

"கரி வெந்து போவுதுக்கா. அந்த ரெண்டு மேடும் கரியில உள்ளது இல்ல. நாம சுட்டதுல வந்தது" என்றாள்.

அப்படியெல்லாம் ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது என்றேன். சாரின் பழைய சாம்பிள்களை எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டாள். லாக் புத்தகத்தில் இருக்கிறதே என்றேன். அதைப் பார்த்துவிட்டாளாம். அந்தப் பழைய சாம்பிள் முப்பத்தொன்றும் சாம்பிள் பீரோவில் இருக்கின்றனவா, ஆயுத பூஜை முடிந்ததும் மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாமா, ஒவ்வொன்றிலும் நிறைய இடத்தில் ரீடிங் எடுத்திருப்பதால் குழி இருந்தால் கட்டாயம் கண்ணில் படும், ஆய்வுக் குழுவிடம் காட்டலாம், தன் ரீடிங்தான் சரி என்று நிரூபிக்க வேறு வழியே இல்லை என்றாள். பார்க்கலாம் என்றேன். தயிர் வாங்க வேண்டும் என்று சீக்கிரம் கிளம்பிவிட்டேன்.

அக்டோபர் 3, வியாழன்

சார் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். பதினான்கு வருஷத்தில் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தது இது இரண்டாவது தடவை. பணி நிரந்தரத்துக்கான என் ஃபைல் மேலே போயிருக்கிறதாம், இந்தத் தடவை அவரே பரிந்துரை எழுதியிருக்கிறாராம். வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டார். எழுந்தபோது சொன்னார்:

"ஆயுத பூஜை வருது உமையாள். அந்தப் பீரோவுல பழைய சாம்பிளெல்லாம் தூசி படிஞ்சு கிடக்கு. எல்லாத்தையும் ஒரு தடவை பாலிஷ் போட்டு வச்சிடுங்க. பூஜைக்குப் பளிச்சுனு இருக்கணும்."

சரி சார் என்றேன். அவர் அந்தப் பீரோவைத் திறந்து நான் பார்த்ததே இல்லை. கண்ணாடிக் கதவு வழியாகத் தூசி தெரிந்திருக்கும்.

அக்டோபர் 10, வியாழன்

நாளைக்கு விடுமுறை என்பதால் இன்றைக்கே பூஜை. இரண்டு நாளாகச் சுத்தம் செய்கிறேன். மெஷின் மேல் ஒட்டடை அடித்து, லேசர் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. லென்ஸில் குங்குமம் கொட்டாமல் இருக்கப் பாலித்தீன் கட்டினேன். போன வருஷம் ஒரு பையன் கொட்டிவிட்டான்.

சாம்பிள்கள் முப்பத்தொன்றுக்கும் பாலிஷ் போட்டேன். கரித் துணுக்குகளைப் பிசினில் பதித்து வட்ட வில்லையாகச் செய்தவை. சுழலும் துணியில் பொடி போட்டு ஒவ்வொன்றையும் ஐந்து நிமிடம் அழுத்தினால் மேல்தோல் போய்ப் புதுமுகம் வந்துவிடும். முகம் பார்க்கலாம் போல ஆகிவிட்டன. நல்ல தூசி.

பொரிகடலை கொடுத்தார்கள். ஜெனிட்டா சர்ச்சுக்குப் போகிறவள்தான், ஆனாலும் வரிசையில் நின்று குங்குமம் வாங்கி மெஷினுக்கு வைத்தாள்.

அக்டோபர் 16, புதன்

ஜெனிட்டா பீரோவைத் திறந்து சாம்பிள்களை ஒவ்வொன்றாக மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். ஒன்பது முதல் ஒன்றரை வரை. முப்பத்தொன்றையும் பார்த்தாள். நான் அதே அறையில் உட்கார்ந்து பில் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

முடித்துவிட்டு எல்லாவற்றையும் வரிசையாகத் திரும்ப வைத்தாள். "நல்லா பளபளன்னு வச்சிருக்கீங்கக்கா" என்றாள். ஆயுத பூஜைக்காக என்றேன். ஆமா, பூஜை இல்லியா என்றாள்.

இன்றைக்கு அவள் இட்லி எடுத்துக்கொள்ளவில்லை.

அக்டோபர் 31

தீபாவளி. முறுக்கு சரியாக வரவில்லை.

நவம்பர் 18, திங்கள்

மழை. கூரையில் கசிவு, மெஷினுக்கு மேலே பாலித்தீன். ஜெனிட்டாவும் நானும்தான் கட்டினோம். அவள் ஸ்டூலில் ஏறி நின்றபடியே பேசினாள். கீழே இருந்த என் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்காது என்பதால்தான் அப்போது பேசினாள் என்று நினைக்கிறேன்.

"அக்கா, ஃபில்டர எடுத்துட்டு எவ்வளவு நேரம் வைப்பீங்கன்னு மட்டும் குழுகிட்ட சொல்லுங்க. ஒரு வார்த்த போதும். யாரு மேலயும் குத்தம் சொல்ல வேண்டாம். தெரியாமத்தான செஞ்சீங்க. எனக்கு ஆறு வருஷம்க்கா."

கயிற்றை இழுத்துப் பிடி என்றேன். தெரியாமல் செய்தது என்கிறாள். என் கைப்பக்குவத்தைத்தான் அப்படிச் சொல்கிறாள். ஸ்காலர்கள் வருவார்கள், அக்கா அக்கா என்பார்கள், டாக்டர் ஆகிப் போய்விடுவார்கள். பத்திரிகை வைக்கக்கூட வரமாட்டார்கள். ஒன்பது பேரைப் பார்த்துவிட்டேன். ஒருத்தி போகாமல் நின்றுவிட்டால் உலகம் முழுகிவிடாது.

மேலே எழுதியதை அடிக்கலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும்.

டிசம்பர் 4, புதன்

ஆய்வுக் குழுக் கூட்டம். சார், பக்கத்துக் கல்லூரி வேதியியல் பேராசிரியை, வெளியூரிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற பேராசிரியர். மெஷினைக் கிட்டத்தில் பார்த்தவர் சார் ஒருவர்தான்.

ஜெனிட்டா நன்றாகப் பேசினாள். குறைந்த வெளிச்சத்தில் எடுத்த பன்னிரண்டு கோடுகளைக் காட்டி, இளங்கரியில் அந்த அடுக்குகள் இல்லை, வெளிச்சம் அதிகமானால் கரி வெந்து அடுக்கு உண்டாகிறது என்றாள். சார் சிரித்துக்கொண்டே கேட்டார். ஓய்வுபெற்றவர் நியாயமான மனிதர். அதே மெஷின், அதே கரி, இரண்டு முடிவு எப்படி வரும், இயக்குகிறவரையே எடுத்துக் காட்டச் சொல்லலாமே என்றார். எல்லோரும் எழுந்து மெஷின் அறைக்கு வந்துவிட்டார்கள்.

பழைய சாம்பிள் ஒன்றை வைத்தேன். எப்போதும் செய்வதைத்தான் செய்தேன். ஃபில்டரை விலக்கி, ஃபோகஸ் பார்த்தேன். அந்த இரண்டு நிமிடமும் சும்மா நிற்க முடியாமல், காபி வந்ததா சார் என்று கேட்டேன். பிறகு ஃபில்டரைப் போட்டு ரீடிங். திரையில் இரண்டு மேடும் எழுந்து நின்றன. சார், "பாருங்க" என்றார்.

ஜெனிட்டா சொன்னாள்: "அக்கா இப்ப ஃபில்டர் இல்லாம ரெண்டு நிமிஷம் வச்சாங்க சார்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ஃபோகஸ் பண்ண வெளிச்சம் வேணும் சார். ரீடிங் லாக் புத்தகத்துல இருக்கிற அளவுலதான் எடுத்தேன்" என்றேன். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

"அப்ப அந்த எடத்த மைக்ராஸ்கோப்ல பாருங்க சார். குழி இருக்கும். இப்ப சுட்ட குழி. ஒரே ஒரு நிமிஷம் பாருங்க" என்றாள். ஓய்வுபெற்றவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு முன்னால் வந்தார். இன்று லேசர் விழுந்தது ஒரே ஓர் இடத்தில், அதுவும் தலைமுடியின் பருமனில் ஐம்பதில் ஒரு பங்கு. சாம்பிள் இருக்கும் மேடை கொஞ்சம் நகர்ந்தாலும் திரும்ப அந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது. இது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும். அவர் உட்கார நாற்காலி வேண்டும் என்று நான் எழுந்தேன். எழும்போது கை பட்டு மேடையின் திருகு சுற்றிவிட்டது. இரண்டு சுற்றோ, மூன்றோ.

அவர் வெகுநேரம் பார்த்தார். சாம்பிள் பாலிஷ் நன்றாக இருக்கிறது, குழி ஒன்றும் தெரியவில்லையே அம்மா என்றார்.

ஜெனிட்டா என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. திருகின் மேல் இருந்த என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

டிசம்பர் 5, வியாழன்

லீவு. தலைவலி.

டிசம்பர் 13, வெள்ளி

பதிவு ரத்துக் கடிதம் மதியம் வந்தது. ஜெனிட்டா நூலக அட்டை, லாக்கர் சாவி எல்லாம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கினாள். தன் பன்னிரண்டு சாம்பிள்களையும் டப்பாவில் அடுக்கி, எந்தச் சுரங்கம், எத்தனை மீட்டர் ஆழம் என்று ஒவ்வொன்றின் மேலும் சீட்டு ஒட்டிக் கொடுத்தாள். ஊரில் துறைமுகத்தில் கரியின் தரம் பார்க்கும் கம்பெனியில் வேலை கேட்டிருக்கிறாளாம்.

போகும்போது நின்றாள். ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெஷினின் மின்விசிறியில் சத்தம் வருகிறது, தூசி அடைத்திருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். கழற்றிப் பார்த்தேன். அடைத்திருந்தது.

ஜனவரி 20, திங்கள்

நிரந்தர ஆணை கையில் வந்தது. இவர் அல்வா வாங்கிக்கொண்டு நேராக மையத்துக்கே வந்துவிட்டார், எல்லோருக்கும் கொடுத்தார். சாருக்கும் கொடுத்தார். கல்யாணத்தன்றுகூட இவர் இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

மாலையில் சார் கூப்பிட்டார். இந்தத் தடவை உட்காரச் சொல்லவில்லை, நானே உட்கார்ந்தேன். வெளிநாட்டிலிருந்து ஒரு குழு கடிதம் எழுதியிருக்கிறதாம். சாருடைய மேடுகள் அவர்களுக்கு வரவில்லையாம், லேசர் சூட்டைச் சந்தேகிக்கிறார்களாம்.

"அந்தப் பொண்ணு எடுத்ததுதான் சரி. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? அவங்க எழுதுறதுக்கு முன்னால நாமளே திருத்திட்டா அதுவும் ஒரு பேப்பர். பன்னிரண்டு கோடும் கம்ப்யூட்டர்ல இருக்குல்ல?"

இருக்கிறது என்றேன். மறுபடி எடுக்க நேரமில்லை, மெஷின் நம்முடையது, கரி நம்முடையது, அதையே போட்டுவிடலாம் என்றார். அவள் பெயர் என்று ஆரம்பித்தேன். பதிவே இல்லாத ஆளை எப்படிப் போடுவது, குழு நிராகரித்த வேலை என்று கேள்வி வரும், எடுத்தவர் என்று உங்கள் பெயரைப் போடுகிறேன் என்றார்.

சரி சார் என்று வந்துவிட்டேன். வெளியே வந்து குழாயடியில் முகத்தைக் கழுவினேன். அந்தப் பெண்ணை நான் கெடுத்தது சாரின் மேடுகளைக் காப்பாற்ற. அந்த மேடுகளை அவரே இடித்துக்கொள்ளப் போகிறார். நாற்பது நாள் முன்னால் இடித்திருக்கக் கூடாதா?

பிப்ரவரி 3, திங்கள்

ஜெனிட்டாவின் கோப்புகள் ஜெனி-1, ஜெனி-2 என்று பன்னிரண்டு வரை. உமா-1, உமா-2 என்று மாற்றினேன். ஐந்து நிமிட வேலை.

சார் பக்கத்தில் நின்று ஒவ்வொரு கோடாகப் பார்த்தார். ஏழாவதில் நிறுத்தச் சொன்னார். இரண்டு வீக்கத்துக்கும் நடுவில் ஊசி மாதிரி இரண்டு குத்து. இது மற்றதில் இல்லையே, இந்தச் சுரங்கத்துக் கரியில் புதிதாக ஏதோ பிணைப்பு இருக்கிறது, உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்றார். அவர் கண்ணில் சால்வை தெரிந்தது. தெரியவில்லை சார் என்றேன்.

மே 19, திங்கள்

பேப்பர் இணையத்தில் வந்துவிட்டது. இரண்டாவது பெயர் என்னுடையது. பதினான்கு வருஷத்தில் முதல் தடவை. ஏழாவது கோட்டின் இரண்டு ஊசிகளைப் பற்றி மட்டும் ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. சார் அதைப் பற்றிப் பேச அடுத்த மாதம் டெல்லி போகிறார். எனக்குச் சந்தோஷமாக இல்லை என்று எழுதினால் பொய். என் பெயரை மூன்று தடவை படித்தேன். வீட்டில் இவரிடமும் காட்டினேன்.

மே 21, புதன்

மதியம் ஜெனிட்டா போன் செய்தாள். பெயரைப் பார்த்ததும் எடுக்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன். கை எடுத்துவிட்டது.

எப்படி இருக்கிறாய் என்றேன். கம்பெனியில் சேர்ந்துவிட்டாளாம், கப்பல் கப்பலாகக் கரி வருகிறதாம். பேப்பர் பார்த்தேன் என்றாள். இதோ கேட்கப் போகிறாள், கேட்டுவிடட்டும் என்று இருந்தது.

"அக்கா, அந்த ஏழாவது கோட்டுல ரெண்டு ஊசி இருக்குல்லா, அது கரி இல்லக்கா. அன்னைக்கு ரூம்ல ட்யூப்லைட்ட அணைக்க மறந்துட்டேன். அந்த லைட்டுதான் அதுல விழுந்திருக்கு. மறுபடி எடுக்கணும்னு நோட்ல எழுதியே வச்சிருந்தேன், அதுக்குள்ள நேரம் முடிஞ்சுட்டு. என் தப்புதான். உங்க பேரு இருக்குல்லா, யாராவது கண்டுபிடிச்சா அசிங்கமாப் போயிரும். சார்கிட்ட சொல்லி எடுத்துருங்க."

சரிம்மா என்றேன். சாப்பிட்டீர்களா அக்கா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

ட்யூப்லைட் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். அந்த அறையில் பதினான்கு வருஷம் உட்கார்ந்தவளுக்கு அந்த ஊசி தெரியாமல் போகுமா? சார் கேட்டபோது வாயை மூடிக்கொண்டேன். அதை அவளிடம் சொல்லவில்லை. அந்த மெஷினில் தான் செய்த தப்பைத் தன் தப்பு என்று சொன்னவள் இந்த மையத்தில் அவள் ஒருத்திதான், அந்தத் தப்பையும் சேர்த்துத்தான் நாங்கள் எடுத்துக்கொண்டோம். வெட்கமாக இருக்கிறது.

நாலு மணிக்கு சார் அறைக்குப் போனேன். டெல்லிப் பேச்சுக்குப் படம் தயார் செய்துகொண்டிருந்தார். ஏழாவது கோட்டைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கி வைத்திருந்தார். என்ன உமையாள் என்றார். மின்விசிறி மறுபடி சத்தம் போடுகிறது சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.